மாப்பிள்ளை மோதிரத்துக்கு எந்த உலோகம்: நான் பட்டுத் தெரிந்துகொண்டவை

கல்யாண வீட்டில் நகை எடுப்பது பற்றிய பேச்சு தொடங்கினால், தாலிக்கும் மணப்பெண்ணின் ஆரத்துக்கும் வளையலுக்கும் நாள்கணக்கில் ஆலோசனை நடக்கும். மாப்பிள்ளைக்கு மோதிரம் என்று வரும்போது மட்டும், "அரைப் பவுனில் ஒன்று எடுத்துவிட்டால் போதும்" என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். அந்த மோதிரத்தை எந்த உலோகத்தில் எடுப்பது, அது அவன் செய்யும் வேலைக்குத் தாங்குமா, தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா, விரல் வீங்கினால் வெட்டி எடுக்க முடியுமா என்பதை எங்கள் வீட்டிலும் யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அப்போது என்னைச் சுற்றி இல்லை. பணமும் மாதங்களும் கரைந்து, விரலில் புண்ணும் வந்து, மருத்துவமனை வரை போய் வந்த பிறகுதான் இவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அடுத்து மோதிரம் எடுக்கப் போகும் ஒருவராவது இந்த அலைச்சல் இல்லாமல் நல்லதை எடுக்க வேண்டும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வேலை கோயம்புத்தூரில், மோட்டார் பம்புகளுக்கு உதிரிபாகங்கள் கடையும் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் திருமணத் திருப்பலியில் குருவானவர் தாலியையும் மோதிரங்களையும் மந்திரித்துக் கொடுப்பார். தாலி கட்டுவதோடு மோதிரமும் மாற்றிக்கொள்வோம். அந்த மோதிரம் இன்ன உலோகத்தில்தான் இருக்க வேண்டும் என்று திருச்சபை விதி எதுவும் வைக்கவில்லை. ஆகவே தேர்வு முழுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் என் விரலுக்கு வந்தது நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் போட்ட 22 கேரட் தங்க மோதிரம். அரைப் பவுன், அதாவது 4 கிராம். மேல்பக்கம் அகலமான பட்டையாகவும், உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தகடாகவும் அடித்த, ஆண்களுக்கென்று கடைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் வழக்கமான வடிவம். பட்டறையில் மோதிரம் போடுவதில்லை என்பதால் வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும்தான் அணிந்தேன். ஆனாலும் இருசக்கர வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததிலும், தண்ணீர்க் குடத்தையும் காஸ் சிலிண்டரையும் தூக்கியதிலும், சில மாதங்களுக்குள் அந்த வட்டம் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. நகை ஆசாரி ஒருவரிடம் கொடுத்தபோது, கூம்பான இரும்புக் கோலில் மாட்டி மரச் சுத்தியலால் தட்டி வட்டமாக்கித் தந்தார். தந்தபோதே, அடித்தகடு இப்படி இருக்கும்வரை இது மறுபடியும் வளையத்தான் செய்யும் என்றும் சொன்னார். 22 கேரட் என்பது ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். கலப்பு குறைவு என்பதால் மென்மை அதிகம். 18 கேரட்டில் ஆயிரத்துக்கு 750 பங்குதான் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும் சேர்வதால் அது கெட்டிப்படுகிறது. கையால் உழைக்கும் ஆண் 22 கேரட்டில் எடுத்தால் அடிப்பாகம் உட்பட சுற்றிலும் ஒரே கனமான வளையமாகத்தான் எடுக்க வேண்டும். கடையில் அடிப்பாகத்தை இரண்டு விரல்களால் லேசாக அழுத்திப் பாருங்கள். அது அசைந்தால், மேல்பக்கத்து வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

திருமண மோதிரத்தை வெள்ளை நிறத்தில் ஜோடியாக எடுப்போம் என்று நானும் என் மனைவியாகப் போகிறவரும் பேசி வைத்திருந்தோம். தாலியும் மற்ற நகைகளும் மஞ்சள் தங்கம். இந்த இரண்டு மோதிரங்கள் மட்டும் தனித்துத் தெரிய வேண்டும் என்பது அவருடைய ஆசை, எனக்கும் அது பிடித்திருந்தது. பிளாட்டினம் கேட்டுத்தான் ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனேன். விற்பனையாளர் பிளாட்டினத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அதன் அருகிலேயே வெள்ளைத் தங்கத் தட்டையும் வைத்தார். "இரண்டும் பார்க்க ஒன்றுதான் சார், இதில் தங்கம் இருக்கிறது, திருப்பிக் கொடுத்தாலும் தங்க விலை கிடைக்கும், பிளாட்டினத்துக்கு அது கிடையாது" என்றார். தோலுக்கு ஏதும் செய்யுமா என்று கேட்டேன், ஏனென்றால் பெல்ட் பக்கிள் படும் இடத்தில் எனக்கு வெயில் காலத்தில் தடிப்பு வருவது வழக்கம். தங்கம் எப்படித் தோலுக்கு ஆகாமல் போகும் என்று அவர் சிரித்தபடி சொன்ன பதில் அந்த நேரத்தில் நியாயமாகவே பட்டது. ஏறக்குறைய 5 கிராமில் எனக்கும், அதைவிடச் சற்றுக் குறைவாக என் மனைவியாகப் போகிறவருக்கும் 18 கேரட் வெள்ளைத் தங்கத்தில் எடுத்தோம்.

வெள்ளைத் தங்கம் என்றால் என்ன என்பதை அந்தக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். தங்கம் இயற்கையில் மஞ்சள்தான். அந்த மஞ்சளை வெளுக்க வைக்க நிக்கல் அல்லது பல்லேடியம் என்ற உலோகத்தைக் கலக்கிறார்கள். நிக்கல் மலிவு, பல்லேடியம் விலை கூடியது. எதைக் கலந்தாலும் முழு வெண்மை வராது, இலேசான மஞ்சள் சாயலோ சாம்பல் சாயலோ நிற்கும். அதை மறைக்க மேலே ரோடியம் என்ற உலோகத்தால் மிக மெல்லிய முலாம் பூசுகிறார்கள். கடை விளக்கில் நாம் பார்த்து மயங்கும் அந்தப் பளிச்சென்ற வெண்மை ரோடியத்தின் வெண்மை. மனிதத் தோலில் தினமும் உரசும் மோதிரத்தில் அந்த முலாம் ஓரிரு ஆண்டுகளில் தேயும்; கை வேலை செய்பவர்களுக்கு அதற்கு முன்பே தேயும். அதன் பிறகு மீண்டும் முலாம் பூச வேண்டும், அதற்குத் தனிச் செலவு. முலாம் தேய்ந்த இடத்தில் தோலைத் தொடுவது உள்ளே இருக்கும் கலவை. அந்தக் கலவையில் நிக்கல் இருந்தால், வியர்வை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தோலுக்குள் சேர்க்கும்.

எனக்கு நடந்தது இதுதான். பொங்கல் முடிந்து, தவக்காலம் தொடங்குவதற்கு முன் திருமணம் நடந்தது. கோடை வந்ததும் மோதிரத்துக்கு அடியில் அரிப்பு தொடங்கியது. சோப்புத் தண்ணீர் தேங்குவதால் இருக்கும் என்று மனைவி சொன்னார், நானும் துடைத்துத் துடைத்துப் போட்டேன். பிறகு சிறு கொப்புளங்கள், பிறகு தோல் உரிந்து நீர் கசிந்த வளையம். மோதிரத்தைக் கழற்றினால் ஆறும், போட்டால் இரண்டே நாளில் திரும்பும். தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதுகில் சிறு சிறு ஒட்டுகளாகப் பல பொருள்களை 48 மணி நேரம் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்தார். நிக்கல் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. அடுத்த முறை போனபோது அவர் என் மோதிரத்தை வாங்கி, டைமெத்தில்கிளையாக்சிம் என்ற மருந்து நனைத்த பஞ்சுக் குச்சியால் அதன் உட்பக்கத்தைச் சற்று நேரம் தேய்த்தார். வெள்ளைப் பஞ்சு என் கண் முன்னே இளஞ்சிவப்பாக மாறியது. உலோகத்திலிருந்து நிக்கல் வெளியே வருகிறது என்பதற்கு அது அடையாளம். பெல்ட் பக்கிளில் தேய்த்த குச்சியும் அதே நிறத்துக்கு வந்தது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, நிக்கலைத் தொடாமல் இருப்பதுதான் வழி என்றார். ஐரோப்பாவில் 1990களிலேயே, தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களிலிருந்து நிக்கல் வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் வெளிவரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே மோதிரம் எடுக்கப் போகும் ஆண்கள் முதலில் தங்கள் உடம்பையே கேட்டுப் பார்க்க வேண்டும். பெல்ட் பக்கிள், கைக்கடிகாரத்தின் பின்மூடி, பேன்ட்டின் உலோகப் பொத்தான், இவை படும் இடத்தில் எப்போதாவது அரிப்போ தடிப்போ வந்திருக்கிறதா? வந்திருந்தால் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் வேண்டவே வேண்டாம். பல்லேடியம் கலந்தது என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்குத் திரும்பிப் போன நாளில் எனக்கு ஏற்பட்ட ஆற்றாமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவரின் சீட்டைக் காட்டினேன். மாற்றித் தருவார்கள் என்று நம்பித்தான் போனேன். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆகிய எதுவும் திரும்பாது, தங்கத்தின் எடைக்கு மட்டும் விலை, அதிலும் வெள்ளைத் தங்கம் என்பதால் ஒரு கழிவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வாங்கும்போது சொன்ன "திருப்பிக் கொடுத்தாலும் தங்க விலை" என்ற வார்த்தைக்கு அர்த்தம் அதுதான் என்றார்கள். ஏறக்குறைய 8,000 ரூபாய் என் ஒரு மோதிரத்தில் போனது. இடையில் தங்க விலை ஏறியிராவிட்டால் இழப்பு இன்னும் கூடியிருக்கும். மருத்துவச் செலவும் எடுத்த விடுப்புகளும் தனி. பணத்தைவிட, பீடத்துக்கு முன் மந்திரித்து மனைவி போட்டுவிட்ட மோதிரம் தராசில் வெறும் எடையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு வெறும் விரலோடு மாமனார் வீட்டு விசேஷங்களுக்குப் போனபோது, மோதிரம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அந்த ஒவ்வாமை இல்லை, அவருடைய மோதிரம் இன்றும் அவர் விரலில்தான் இருக்கிறது.

வாங்கும்போது பில்லில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நிகர எடை, கேரட், அன்றைய கிராம் விலை, செய்கூலி, சேதாரம், ஹால்மார்க் கட்டணம், வரி என்று எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். "திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு" என்ற கேள்விக்கு வாய்வார்த்தை போதாது. இன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் எத்தனை ரூபாய் கையில் தருவீர்கள் என்று கேட்டு, அந்தத் தொகையைக் காகிதத்தில் வாங்குங்கள். தங்க நகைக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யூ.ஐ.டி. எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும் ஹால்மார்க் அடையாள எண், இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோண முத்திரை, 22கே916 அல்லது 18கே750 போன்ற தரக் குறி, அந்த ஆறு இலக்க எண் ஆகிய மூன்றையும் லென்ஸ் கேட்டு வாங்கி மோதிரத்தின் உட்பக்கம் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகையும் தரமும் வரும். உட்பக்கம் 750 என்று இருந்தால், கடையில் எந்தப் பெயர் சொல்லி விற்றாலும் அது தங்கம்தான், பிளாட்டினம் ஆகாது. பிளாட்டினத்தில் பிடி950 என்று பொறித்திருக்கும்.

இந்த வேறுபாடு பணத்துக்கு மட்டும் உரியதன்று. என்னோடு வேலை செய்யும் இஸ்லாமிய நண்பர் ஒருவர் நிக்காஹ்வுக்கு மோதிரம் எடுக்கப் போனபோது, அவரிடமும் வெள்ளைத் தங்கத்தைப் பிளாட்டினம் மாதிரிதான் என்று காட்டியிருக்கிறார்கள். அவர்கள் மார்க்கத்தில் ஆண்கள் தங்கம் அணிவது விலக்கப்பட்டது. நிறம் வெள்ளையானாலும் தங்கம் தங்கமே. அவர் உட்பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லி, 925 வெள்ளியில் கனமாக ஒன்று செய்துகொண்டார். வெள்ளி கறுக்கும், காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் அதைக் கறுக்க வைக்கும். ஆனால் துணியால் துடைத்தால் திரும்ப வெளுக்கும், விலை குறைவு, எந்த ஆசாரியும் பெரிதாக்கித் தருவார். கறுப்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது நல்ல உலோகம்.

வெள்ளைத் தங்கத்தைக் கொடுத்துவிட்ட பிறகு நான் பிளாட்டினத்தை மறுபடியும் பார்த்தேன். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பானது, நிறம் உலோகத்தின் சொந்த நிறம் என்பதால் முலாம் தேயும் கவலை இல்லை. கீறல் விழும், ஆனால் கீறும்போது உலோகம் உதிராமல் ஓரத்துக்கு ஒதுங்குவதால் எடை எளிதில் குறையாது. 2008இல் தங்கத்தைப் போல இரு மடங்குக்கு மேல் விற்ற உலோகம், சுமார் பத்தாண்டுகளாகத் தங்கத்தைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆனால் கிராம் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. பிளாட்டினம் அடர்த்தி மிகுந்தது. 18 கேரட் தங்கத்தில் 5 கிராம் வரும் அதே அளவு மோதிரம் பிளாட்டினத்தில் ஆறரை கிராமுக்கு நெருங்கும். தங்கம் 1,064 டிகிரி செல்சியசில் உருகும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். ஆகவே பக்கத்துத் தெரு ஆசாரியின் அடுப்பில் அந்த வேலை நடக்காது. செய்கூலி கூடுதல், அளவு மாற்ற வேண்டுமென்றால் கடை வழியாகத் தொழிற்சாலைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும், விற்பதற்கும் பெரும்பாலும் வாங்கிய கடைக்கே போக வேண்டும். அன்றைக்கு என்னிடம் இருந்த பணத்துக்கு அது எட்டவில்லை. வசதி உள்ளவர்கள், வெள்ளை நிறம்தான் வேண்டும் என்பவர்கள், வெள்ளைத் தங்கத்தில் நிற்காமல் நேரே பிளாட்டினத்துக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சான்றிதழ் அட்டையில் உள்ள எண்ணும் மோதிரத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள்.

நான் போனது டங்ஸ்டன் கார்பைடுக்கு. இணையத்தில் 2,500 ரூபாய்க்குள் கிடைத்தது. கார்பைடு எனக்குப் புதிய பொருள் இல்லை. லேத்தில் நான் தினமும் மாட்டி எஃகைக் கடையும் வெட்டுமுனை அதே பொருள்தான். கீறல் விழாது, வளையாது, நிறம் போகாது என்று விற்பவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. கார்பைடு துகள்களைப் பிணைக்கக் கோபால்ட்டோ நிக்கலோ சேர்ப்பார்கள் என்பதால், வந்ததும் தோல் மருத்துவரிடம் கொடுத்து அந்தப் பஞ்சுக் குச்சியால் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அரிப்பும் வரவில்லை. சில மாதங்கள் அந்த மோதிரத்தோடு நிம்மதியாக இருந்தேன்.

மழைக்காலத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, தோட்டத்தில் காய்ந்த தென்னை ஓலையை இழுத்துப் போட்ட என் கையில், மோதிர விரலின் நடுவில், குளவி கொட்டிவிட்டது. அரை மணி நேரத்தில் விரல் மோதிரத்துக்கு இருபுறமும் பிதுங்கி, நகம் நீலம் பாரிக்கத் தொடங்கியது. மாமா வண்டியை எடுத்து அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். செவிலியர் முதலில் சோப்புத் தடவி இழுத்துப் பார்த்தார், பிறகு விரல் நுனியிலிருந்து நூலை நெருக்கமாகச் சுற்றி வீக்கத்தை அமுக்கி மோதிரத்தை நகர்த்தப் பார்த்தார். முட்டியைத் தாண்டவில்லை. மோதிரம் வெட்டும் கருவியைக் கொண்டுவந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் சிறு பல்சக்கரம் சுழன்று அறுக்கும் கருவி அது. தங்கத்தை ஓரிரு நிமிடத்தில் அறுத்துவிடும் அந்தச் சக்கரம் கார்பைடின் மேல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. எடுத்துப் பார்த்தால் மோதிரத்தில் ஒரு கோடுகூட இல்லை, சக்கரத்தின் பற்கள்தான் மழுங்கியிருந்தன. பணியில் இருந்த இளம் மருத்துவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. விரல் போய்விட்டால் லேத் ஓட்டும் என் பிழைப்பு என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது தொழில் அறிவுதான். கார்பைடு முனை தேய்வதைவிட, திடீர் அடியில் சில்லாக உடைவதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். அறுக்க வேண்டாம், நெருக்கி உடைக்க வேண்டும், கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையர் இருந்தால் போதும் என்று மருத்துவரிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தன் கருவிப்பெட்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வாயை மோதிரத்தின் வெளிவட்டத்தில் கவ்வும்படி வைத்து, என் கண்ணுக்கும் அவர்கள் கண்ணுக்கும் தெறிக்காமல் துணியை மேலே போட்டு, கவ்வ விட்டு, விடுவித்து, பின்னால் உள்ள திருகைச் சிறிது முடுக்கி, மறுபடியும் கவ்வ விட்டார்கள். வட்டம் வளையாத உலோகம் என்பதால் விரலில் அழுத்தம் ஏறவில்லை. சில முடுக்கலுக்குப் பிறகு ஓடு உடைவதைப் போன்ற சத்தம் கேட்டது. துணியை விலக்கினால் மோதிரம் துண்டுகளாகத் தட்டில் கிடந்தது. விரலில் பதிந்திருந்த பள்ளம் மறைய நாளாயிற்று.

டங்ஸ்டன் மோதிரம் அணிந்திருப்பவர்கள் இந்த முறையைத் தங்கள் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள், ஏனெனில் எல்லா அவசரப் பிரிவிலும் இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. செராமிக் மோதிரத்தையும் இப்படித்தான் உடைக்க வேண்டும். தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை இப்படி நெருக்கவே கூடாது. அவை வளைந்து விரலை நசுக்கும், அவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எந்த உலோகமானாலும், கையில் அடிபட்டாலோ பூச்சி கடித்தாலோ முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவதுதான். வீக்கம் வருவதற்கு முன் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்த நேரத்தில் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, எண்ணெயோ சோப்போ தடவிக் கழற்றிவிட வேண்டும். சுழலும் இயந்திரத்தில் வேலை செய்பவர்களும் மின்சார வேலை பார்ப்பவர்களும் வேலை நேரத்தில் எந்த உலோக மோதிரமும் அணியக் கூடாது. மோதிரம் எதிலாவது மாட்டினால் விரல் சதையே உரிந்து வந்துவிடும். பேட்டரி முனைகளுக்கு நடுவில் மோதிரம் பட்டால் அது பழுக்கக் காய்ந்து சுட்டுவிடும். கட்டாயம் ஏதாவது வேண்டும் என்பவர்களுக்குச் சிலிக்கோன் வளையம் உண்டு, இழுவை வந்தால் அது அறுந்து விரலை விட்டுவிடும்.

டைட்டானியம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எடை மிகக் குறைவு, நிக்கல் ஒவ்வாமைக்குப் பாதுகாப்பு, தேவைப்பட்டால் சிரமப்பட்டாவது அறுக்கலாம். ஆனால் விரல் பருத்தால் பெரிதாக்க வழியில்லை, திருப்பிக் கொடுத்தால் விலையும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இதே நிலைதான், அதில் நிக்கலும் உண்டு.

கடைசியில் என் விரலுக்கு வந்தது நிச்சயதார்த்த மோதிரத்தின் தங்கமேதான். கோயம்புத்தூர் செல்வபுரத்தில் நகைப் பட்டறைகள் நிறைய உண்டு. அங்கே உடன் வேலை செய்பவர் ஒருவர் மூலம் தெரிந்த ஆசாரியிடம் முட்டை வடிவத்துக்குப் போய்விட்ட அந்த 4 கிராம் மோதிரத்தைக் கொண்டுபோய், 18 கேரட் மஞ்சள் தங்கமாக மாற்றிக் கனமான வளையமாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் தாளில் கணக்குப் போட்டார். 916 தரத்தில் 4 கிராம் என்றால் அதில் சுத்தத் தங்கம் 3.66 கிராம். அதை 750 தரத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.88 கிராம் வெள்ளியும் செம்பும் சேர்க்க வேண்டும், மொத்தம் 4.88 கிராம் வரும், வேலையில் சிறிது குறையும். நிக்கல் கலந்த எதையும் சேர்க்க வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னேன். என் கண் முன்னே மூசையில் போட்டு, வெண்காரம் தூவி, உருக்கி, கம்பியாக வார்த்து, உருளையில் விட்டு இழுத்து, வளைத்துப் பற்றவைத்தார். அந்த வெப்பத்தில் தங்கம் ஒரு துளியாகத் திரண்டு மூசையின் நடுவில் உருண்டதைப் பார்த்தபோது, பெண் வீட்டார் போட்ட தங்கம் வீணாகவில்லை என்ற ஆறுதல் எனக்குப் பெரிதாக இருந்தது. கூலி சில ஆயிரங்களுக்குள் முடிந்தது. முடிந்ததும் ஹால்மார்க் மையம் ஒன்றில் சிறு கட்டணம் கொடுத்துச் சோதித்தேன், தரம் சரியாக இருந்தது. நிறம் 22 கேரட்டைவிடச் சற்று வெளிர்ந்து இலேசான செம்மையோடு இருக்கிறது. கீறல்கள் உண்டு, வளையவில்லை, அரிப்பு இல்லை. மனைவியின் வெள்ளை மோதிரத்தோடு நிறம் பொருந்தவில்லை. அதை அவர் பொருட்படுத்தவில்லை. பங்குத் தந்தையிடம் கொண்டுபோய் மறுபடியும் மந்திரித்து வாங்கிக்கொண்டோம்.

உங்களிடம் பழைய தங்கம் இருந்தால், கடையில் கொடுத்து மாற்றுவதற்கு முன் இப்படி ஒரு ஆசாரியிடம் விசாரித்துப் பாருங்கள். உருக்குவதற்கு முன்னும் செய்து முடித்த பின்னும் உங்கள் முன்னிலையிலேயே எடை போடச் சொல்லுங்கள். அளவு கொடுக்கும்போது, காலையில் விரல் மெலிந்தும் மாலையில் பருத்தும் இருக்கும் என்பதால் மாலையில் கொடுங்கள். முட்டியைச் சற்று இறுக்கத்தோடு தாண்டி, அடியில் தளர்வாகச் சுழல வேண்டும். செய்யப் போவது 6 மில்லிமீட்டர் பட்டை என்றால் அளவு பார்க்கும் வளையமும் அதே அகலத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் அகலம் கூடக் கூட இறுக்கமும் கூடும். தவக்காலத்தில் எங்கள் ஆலயங்களில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை என்பதால், ஈஸ்டர் முடிந்ததும் வரும் வாரங்களில் பட்டறைகளில் எங்கள் பக்கத்து வேலை குவிந்துவிடும். தை, ஆவணி மாதங்களில் எல்லாருடைய வேலையும் சேர்ந்துகொள்ளும். அந்த நாள்களில் திருமணம் என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகவே அளவைக் கொடுத்துவிடுங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் கல்யாண நாள்வரை பெட்டியில் பூட்டி வைக்காமல் ஒரு வாரமாவது போட்டுப் பாருங்கள். முலாம் தேயும்வரை மறைந்திருக்கும் குறை அதில் தெரியாது, ஆனால் அளவும் இறுக்கமும் அதற்குள் தெரிந்துவிடும், மாற்றுவதற்கு ஆசாரிக்கும் நேரம் இருக்கும்.